வீணையின் எடை 56.7 கிலோ

ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் தாண்டிப் படை அனுப்பினான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று நிக்கோபாரின் பெயரும் இருக்கிறது. போர்க்கப்பல் முரசு இல்லாமல் புறப்பட்டிருக்காது. அந்த முரசுக்கு எத்தனை கிலோ போட்டார்கள், அதிகப்படிச் சுமைக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று எந்தக் கல்வெட்டிலும் காணோம். கொடுத்துவைத்தவன்.

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தக் கடற்பயணத்தின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். பிரதமர் வந்தார். நினைவு நாணயம் வெளியிட்டார். இளையராஜா பாடினார். நாமும் கை வலிக்கத் தட்டினோம். அதற்குப் பத்து மாதம் முன்புதான் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்த தீவு என்று அறிவிப்பில் பெருமையாகச் சொன்னார்கள். சோழன் போய் அடித்து நொறுக்கிய நாட்டின் பெயர் ஸ்ரீவிஜயம் என்பதை யாரும் அவர்கள் காதில் போடவில்லை போலிருக்கிறது. போகட்டும். பெயர்ப்பலகை மாற்றுவதற்கு லக்கேஜ் சார்ஜ் கிடையாது.

அந்த ஸ்ரீ விஜயபுரத்தை ஒட்டிய ஊர் கராச்சர்மா. 2011 கணக்கெடுப்பின்படி இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். கல்யாணம் உண்டு. காதுகுத்து உண்டு. பங்குனி உத்திரம் உண்டு. மேளம்? அந்த இடத்தில்தான் ஆயிரம் ஆண்டுக் கடல் பெருமை தரை தட்டுகிறது.

கராச்சர்மாவில் ஒரு பெண் வீணை கற்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீணை தஞ்சாவூரில் இருக்கிறது. பலா மரம். நாலடிக்கு மேல் நீளம். எடை எட்டு கிலோ சுமார். யாளி முகத்துக்கு அடிபடாமல் மரப்பெட்டி போட்டால் மொத்தம் பதினைந்து. பெட்டி 140 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். கூரியர்காரர் தராசைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டேப்பை எடுக்கிறார். நீளத்தை அகலத்தால் பெருக்குகிறார், உயரத்தால் பெருக்குகிறார், ஐயாயிரத்தால் வகுக்கிறார். விடை 56.7 கிலோ. இதற்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர். பதினைந்து கிலோ வீணையும் பெட்டியும். மீதி 41.7 கிலோ காற்று. தஞ்சாவூர்க் காற்றைக் காசு கொடுத்துத் தீவுக்கு வரவழைக்கிறோம், தீவில் காற்றுக்குப் பஞ்சம் என்பதால்.

நியாயத்தையும் பேசிவிடுவோம். விமானத்தில் இடம் குறைவு. பஞ்சு மூட்டையை எடை மட்டும் பார்த்து ஏற்றினால் கம்பெனி திவாலாகும். உலகம் முழுக்க இதே கணக்குதான். கணக்கின் மேல் நமக்குக் கோபம் இல்லை. டேப் பிடிக்கிறவர் ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ என்று பேசுவதில்லை. பேசுகிறவர்கள் டேப் பக்கம் வருவதில்லை. கோபம் அதன் மேல்.

பேசுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை, சலுகையும் கொடுத்தார்கள். கையால் செய்த இந்திய வாத்தியங்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2017இல் அறிவித்தார்கள். வீணைக்கு வரி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் கூரியரில் கொண்டுபோய்ச் சேர்க்க வரி 18 சதவீதம். 41.7 கிலோ காற்றுக்கும் சேர்த்து.

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு. 2022இல் நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கும் அதே மரியாதை. சால்வை, சான்றிதழ், புகைப்படம். எந்த ஊரில் பிறந்தது என்று சான்றிதழ் சொல்கிறது. அந்த ஊரைவிட்டு வெளியே போவதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நாட்டைப் பண்பாட்டு மண்டலங்களாகப் பிரித்தபோது அந்தமானை எந்த மையத்தின் எல்லைக்குள் வைத்தார்கள் தெரியுமா? தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தின் எல்லைக்குள். பண்பாட்டு வரைபடத்தில் கராச்சர்மாவும் தஞ்சாவூரும் ஒரே தெரு. 744 என்று தொடங்கும் அஞ்சல் எண்ணைச் சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் மௌனம். பிறகு, “அங்கே சர்வீஸ் இல்லைங்க.”

வீணை வேண்டாம். வாசிக்கிறவரையே வாத்தியத்தோடு கூப்பிடலாம் என்று கோயில் கமிட்டி முடிவெடுக்கிறது. தவில் வித்வான் சென்னை விமான நிலையத்துக்கு வருகிறார். கைச்சுமைக்கு ஏழு கிலோ, 55 சென்டிமீட்டர் நீளம். தவில் பத்துக் கிலோவுக்கு முன்பின். பெட்டிக்குள் வைத்தால் இன்னும் ஏறும். கூட வந்த நாதஸ்வரம் எடையில் தப்பிக்கிறது, நீளத்தில் மாட்டுகிறது. கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் மேல் பிழையில்லை. அவளிடம் இருப்பது ஒரு கணினியும் ஒரு புன்னகையும்.

“ஐயா, இது கேபின்ல போகாது.”

“கீழ போட்டா உடைஞ்சிடும்மா.”

“ஃப்ராஜைல் ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன் ஐயா.”

“ஒட்டியும் உடைஞ்சா?”

“இங்க ஒரு கையெழுத்து போடுங்க.”

அந்தக் கையெழுத்துதான் முக்கியம். உடைந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று உடையப்போகிறவரே எழுதிக் கொடுக்கிறார். ஸ்டிக்கரில் ஒரு கண்ணாடிக் கோப்பை படம். அதைப் பார்த்ததும் சுமை ஏற்றுகிறவர் மனம் உருகி, பெட்டியைக் குழந்தை போல ஏந்திப் போவார் என்பது ஐதீகம். கிலோவுக்கு இவ்வளவு என்று அதிகப்படிச் சுமைக்கு வாங்குகிறார்கள். மனம் வராவிட்டால் வாத்தியத்துக்குத் தனி சீட் எடுக்கலாம். முழுக் கட்டணம். தவிலுக்குச் சாப்பாடு தரமாட்டார்கள்.

அப்புறம் ஸ்பேனர். முன்பு தவிலுக்குத் தோல் வார். இப்போது இரும்பு வளையம், நட்டு, போல்ட். ஸ்பேனர் இல்லாமல் வலந்தலைத் தோலை இழுத்துக் கட்ட முடியாது. ஸ்பேனரைக் கைப்பையில் மறந்து வைத்தால் அது ஆயுதம். பாதுகாப்புக்காரர் எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுவார். தொட்டியில் ஏற்கெனவே தீப்பெட்டிகள் கிடக்கும். முப்பது வருடம் மேடையில் சுருதி சேர்த்த ஸ்பேனர் அவற்றோடு போய்ச் சேரும்.

இறங்குகிற இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்தில் 2023 ஜூலையில் திறந்த புதிய விமான முனையம். சுமார் 710 கோடி ரூபாய். கடல் சிப்பி வடிவக் கூரை. திறந்த சில நாளில் முகப்பில் மேல்தட்டுப் பலகைகள் காற்றில் பெயர்ந்து தொங்கின. கேமரா பொருத்தக் கழற்றி வைத்திருந்தோம் என்று விளக்கம் வந்தது. சிப்பிக்கே ஃப்ராஜைல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய நிலைமை. 710 கோடியில் கட்டடத்தையே சிப்பியாக வளைக்க முடிகிறது. வாத்தியப் பெட்டிக்கு ஒரு விதியை வளைக்க முடியவில்லை.

கப்பலில் போகலாமே என்பார்கள். இதைச் சொல்கிறவர் ஒருபோதும் கப்பலில் போனதில்லை. சென்னையிலிருந்து மூன்று நாள். எந்த நாளில் புறப்படும் என்பது கடலுக்கும் தெரியாது, அறிவிப்புப் பலகைக்கும் தெரியாது. முகூர்த்தம் காத்திருக்காது. உப்புக் காற்றில் தவில் தோல் தொய்ந்துபோகும். வீணையின் கதை இன்னும் மோசம். இருபத்துநாலு மெட்டும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. துறைமுகத்தில் மத்தியான வெயிலில் ஒரு இரும்பு கண்டெய்னருக்குள் பெட்டி கிடந்தால் மெழுகு இளகும். மெட்டு நகரும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் காந்தாரம் காந்தாரமாக இருக்காது. மறுபடி மெழுகு வைத்து மெட்டு பிடிக்க ஆள் வேண்டும். ஆள் தஞ்சாவூரில். ஆளுக்கு டிக்கெட்.

தீவுக்குச் சரக்கு கொண்டுவர மானியமே இருந்ததில்லையா? இருந்தது. 1971 முதல் போக்குவரத்து மானியம். பட்டியலில் அந்தமானும் உண்டு. ஆனால் தொழிற்சாலைகளுக்கு மட்டும். கச்சாப்பொருள் உள்ளே வர, செய்த சாமான் வெளியே போக. 2013இல் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள். 2016 நவம்பரில் அதையும் நிறுத்தினார்கள். இருந்த காலத்திலும் தவில் அதில் நுழைந்திருக்க முடியாது. தவிலுக்குப் புகைபோக்கி இல்லை.

வெளியே போன சாமானுக்கு மட்டும் எப்போதும் கப்பல் கிடைத்தது. சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கியது. நூறு ஆண்டுக்கு மேலாகப் படாக் மரம் கட்டை கட்டையாகக் கடல் தாண்டியது. காடு போக இடம் இருந்தது. ஒரு பலாக் குடம் வர இடமில்லை.

இடமில்லை என்று மட்டும் இனி சொல்ல முடியாது. கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். கலாத்தியா வளைகுடாவில் சரக்குமாற்றுத் துறைமுகம். முதல் கட்டத்திலேயே ஆண்டுக்கு இருபதடிக் கணக்கில் 40 லட்சம் கண்டெய்னர். சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போகும் சரக்கு இனி இங்கே இறங்கி ஏறுமாம். ஷாங்காய் செருப்பும் ராட்டர்டாம் பால்பவுடரும் தீவைத் தொட்டுப் போகும். அவற்றுக்காகக் காட்டை வெட்டலாம், ஆமை முட்டையிடும் கடற்கரையைத் தோண்டலாம், ஷோம்பென் பழங்குடி மக்களின் வாசலில் நகரம் எழுப்பலாம். இத்தனையும் உலகத்தின் பெட்டிகளுக்கு. கராச்சர்மாவின் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் டேப் பிடிக்கிறார்கள்.

தாய்நிலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் வாத்தியங்களை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்று உத்தரவு போட்டார்கள். 2023இல் நெல்லையில், பறையோடு பேருந்தில் ஏறிய ஒரு கல்லூரி மாணவியை நடத்துநர் வழியில் இறக்கிவிட்டது செய்தியானது. அங்கே இடம் பிரச்சினை இல்லை, எடை பிரச்சினை இல்லை. பறை என்பதுதான் பிரச்சினை. மேடையில் முதலமைச்சர் முன்னால் பறை அடித்தால் தொன்மை. பேருந்தில் ஏறினால் தொந்தரவு. அதற்கு எந்த வாய்ப்பாட்டிலும் வகுத்தல் கிடையாது.

பெரிய வித்வான்களும் தப்பவில்லை. 2014இல் அம்ஜத் அலி கானின் சரோடை லண்டனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தொலைத்தது. உலகப் பத்திரிகைகள் எழுதின, சில நாளில் கிடைத்தது. டேவ் கரோல் என்ற கனடா பாடகரின் கிட்டாரை யுனைடெட் ஏர்லைன்ஸ் உடைத்தது. 2009இல் கம்பெனியைக் கிண்டல் செய்து பாட்டே போட்டார், கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். கேபினில் இடமிருந்தால் சிறு வாத்தியங்களை அனுமதிக்கத்தான் வேண்டும் என்று 2012இல் அமெரிக்கா சட்டம் போட்டது. நம் ஊர் தவில்காரர் யாரைக் கிண்டல் செய்து பாட்டுப் போடுவது? கையெழுத்து வேறு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே கலைதான் உடம்பைக் குறுக்கிக்கொண்டது. தம்புரா ஆளுயரம். தூக்கி அலைய முடியவில்லை. 1970களின் இறுதியில் பெங்களூரில் மின்சாரத் தம்புரா பிறந்தது, பெட்டிக்குள் அடங்கியது. இப்போது செல்பேசிச் செயலி. எடை பூஜ்யம், பருமனும் பூஜ்யம். நிஜத் தம்புரா பல மேடைகளில் இன்று அலங்காரத்துக்குக்கூட இல்லை. வீணையையும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்கிறார்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைதான் உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டே சூட்கேஸ் அளவைக் கேட்டு வெட்டுகிறார்கள். ஆசாரியின் முழக்கோலை விமானக் கம்பெனியின் டேப் தோற்கடித்துவிட்டது.

மேளத்துக்கு வந்த வாரிசைக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். சுவரில் மாட்டிய இரும்புச் சட்டம். இரண்டு டிரம், ஒரு தாளம், ஒரு மணி, நடுவில் மோட்டார். பூசாரி சுவிட்சைத் தட்டினால் டமடமவென்று தலையில் அடிக்கும். காலம் மாறாது, நடை மாறாது, தீபாராதனைக்கும் அதே அடி, நடை சாத்தவும் அதே அடி. அதற்குத் தட்சணை வேண்டாம், டீ வேண்டாம், ரிட்டர்ன் டிக்கெட் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் பென் டிரைவில் வாசிக்கும். கெட்டிமேளம் என்று குரல் கொடுத்தால் ஒலிபெருக்கிக்காரத் தம்பி அடுத்த ஃபைலுக்குத் தாவுவான். தாவுவதற்குள் தாலி ஏறிவிடும்.

யாரும் தடுக்கவில்லையே, மேளம் வரட்டுமே என்பார்கள் அதிகாரிகள். உண்மை. யாரும் தடுக்கவில்லை. விலை மட்டும் சொன்னார்கள்.

உயிருள்ள மேளம் தீவுக்கு வராமலும் இல்லை. பெரிய இடத்து விழா என்றால் வரும். அப்போது 55 சென்டிமீட்டர் நினைவுக்கு வராது. பெட்டிக்கு முன்னால் யாரும் டேப்போடு நிற்க மாட்டார்கள். கட்டணம் அரசுச் செலவு. அதாவது, கராச்சர்மாக்காரரும் பங்கு கொடுத்த செலவு. அவர் மேளத்தைக் கேட்க வேண்டுமானால் பாஸ் வாங்கி வர வேண்டும். முன்வரிசை நிரம்பிவிட்டது.