கொட்டாவி விடாத பின்பாட்டு

ஏன்டா பேராண்டி, பாட்டுக் கட்டுறியாமே! அவலூர்பேட்டை சந்தையில மல்லாட்டை மூட்டை எறக்குறவன் வரைக்கும் இதே பேச்சு. நல்லதுதான். நம்ம தெருவுல கடன் வாங்குனவன் உண்டு, கடனைத் திருப்பிக் குடுக்காதவன் உண்டு. பாட்டு எழுதுனவன் நீதான் மொதல்.

உன் லேப்டாப்பைப் பார்த்தேன். அதுல ஒரு சாஃப்ட்வேர், பேரு பேண்ட் இன் எ பாக்ஸாம், 1990ல கனடாக்காரன் கொண்டாந்ததாம். சி, எஃப், ஜின்னு சுரக்கூட்டுப் பேரைக் கட்டத்துல தட்டுற, எந்த தினுசு வேணும்னு தொடுற. பியானோ, பேஸ், டிரம்ஸ், கிட்டார் எல்லாம் வரிசை கட்டி வந்துடுது. அட்வான்ஸ் கேக்கல. நடுராத்திரி டீ கேக்கல. மைக் செட்டு சரியில்லன்னு மூஞ்சியைத் தூக்கல. இப்படி ஒரு ஜமா அமைஞ்சிருந்தா எங்க கூத்து வாத்தியாருக்கு தலைமுடி நரைச்சே இருக்காது.

மெஷினை வச்சிப் பாடுறான்னு நாலு பேரு சிரிப்பான். சிரிக்கட்டும். கூத்துல வாசிக்கிற ஆர்மோனியம் மட்டும் செஞ்சிக் கோட்டையில காய்ச்சதா? அதுவும் சீமைச் சரக்குதான். 1940ல ஆல் இந்தியா ரேடியோ அதுக்குத் தடை போட்டு, முப்பது வருசம் போல வாசல்லயே நிறுத்தி வச்சிச்சு. நாம திரௌபதியம்மன் கூத்துல பெஞ்சு போட்டு உக்கார வச்சோம். 1986ல 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜாவே கம்ப்யூட்டரை எறக்குனாரு. ஆனா அதுக்குப் பத்து வருசம் முன்னாடியே, கம்ப்யூட்டர் இல்லாமலே 'அன்னக்கிளி' போட்டுட்டாரு. அதையும் கவனிச்சுக்கோ.

உன் பெட்டிகிட்ட ஒரே குறை, மரியாதை ரொம்ப ஜாஸ்தி. கூத்துல வேஷக்காரன் அடி தவறுனா மத்தளக்காரன் மொறைப்பான். கட்டியங்காரன் சனங்க முன்னாடியே மானத்தை வாங்கிடுவான். உன் பெட்டியோ நீ அழுதாலும் இளிச்சாலும் ஒரே உற்சாகமா அடிக்குது. நேத்து தாளத்துல எடம் மிச்சம் இருக்குன்னு 'பல்'லை இழுத்தே பாரு, பாதி வழியில அது 'பால்' ஆயிடுச்சு. உன் பாட்டுல வர்ற பொண்ணு பல்லைக் காட்டிச் சிரிச்சாளா, பாலைக் காட்டி வெலை பேசுனாளா? பெட்டி கேக்கல. உங்க ஆயா கேட்டுட்டா.

அதனால மொதல்ல பெட்டியை மூடு. கொல்லை வரப்புல நடந்துக்கினே கையைத் தட்டிப் பாடு. வார்த்தை எங்க மூச்சு வாங்குதோ, அங்கதான் அடி முடியுது. வெறும் கைத்தட்டுக்கு நிக்கிற பாட்டை அப்புறமா பெட்டிகிட்ட குடு. வேகம் ஒத்து வரலன்னா குறை. தொண்டைக்கு எட்டலன்னா சுருதியை எறக்கு. டிரம்ஸ் வார்த்தையை முழுங்குச்சுன்னா அதோட வாயை அடை. அதுக்குத்தானே அத்தனை பட்டன் வச்சிருக்கான்?

தினுசு தினுசா மாத்திக்கினே அரைப் பாட்டுல நின்னுடாத. ஒண்ணை முடி. வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் ஊஞ்சல் பார்க்கப் போற வண்டியில பாடிக் காட்டு. சனங்க தூங்கிட்டா மெட்டை மாத்து. "இன்னொரு தபா பாடுடா"ன்னு எவனாவது சொன்னா பாட்டு தேறிடுச்சுன்னு வச்சிக்கோ. சொன்னது நானா இருந்தா மட்டும் நம்பாத. உங்க அப்பன்கிட்ட எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கு.