ஏழாவது கிட்டாரின் இன்றியமையாமை: சில பூர்வாங்கக் குறிப்புகள்

ஆறு கிட்டார் உள்ள வீட்டுக்கு ஏழாவது எதற்கு என்ற வினாவை இதுவரை இல்லத்தரசிகள் மட்டுமே எழுப்பி வந்திருக்கிறார்கள். அறிஞர் உலகம் அதைத் தொடவில்லை. தொட்ட ஒருசிலரும் நோயாளிகளாகவே இருந்துவிட்டதால் அவர்களுடைய ஆய்வுகள் எல்லாம் கடைவாசலில் போய் முடிந்தன. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையாளரிடம் எத்தனை கிட்டார் உள்ளன என்பது ஆய்வுநெறிப்படி வெளியிடத் தக்கதன்று.

நோய் பழையது, பெயர்தான் புதிது. ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1994-ல் ஓர் அமெரிக்க கிட்டார் இதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு ‘கிட்டார் சேர்ப்பு நோய்’ என்று பெயர் சூட்டினார். வேடிக்கைக்காகத்தான் எழுதினார். ஆனால் 2017-ல் அவர் மறைந்து, 2019-ல் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது, கிட்டாரும் ஆம்ப்ளிஃபயருமாக நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. நோய்க்கு இலக்கணம் வகுத்தவர் தம்மையே இலக்கியமாகவும் விட்டுச்சென்றார்.

இந்நோயைப் பட்டுப்புடவை, கைக்கடிகாரம், செருப்பு முதலியவற்றை வாங்கிக் குவிக்கும் ஆசையோடு சேர்த்து எண்ணுவோர் உளர். அவர் அறியார். புடவை வாங்கியவர் ‘பிடிச்சிருந்தது, எடுத்தேன்’ என்று ஒப்புக்கொள்வார். கிட்டார் வாங்கியவர் வாழ்நாளில் ஒருமுறையும் அப்படிச் சொன்னதில்லை. அவர் காரணம் சொல்வார். அந்தக் காரணம் இயற்பியல்படி சரியாகவும் இருக்கும். என் துணிபு இதுதான்: இந்நோயாளி பொய் சொல்வதில்லை, அதனால்தான் இதற்கு மருந்தில்லை. பொய் என்றால் ஒருநாள் பிடிபடும், வெட்கம் வரும், குணமாகும். உண்மைக்கு அந்த வசதி கிடையாது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை வைத்திருப்பவர் லெஸ் பால் ஒன்று வேண்டுமென்கிறார் என்று கொள்வோம். இரண்டும் கிட்டார், இரண்டுக்கும் ஆறு கம்பி, பின் வேறுபாடு என்னை எனின், கூறுதும். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப். காந்தத்தின்மேல் சுற்றிய அந்தச் செப்புச் சுருள், கம்பியின் அதிர்வோடு அறையிலுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நம் வீட்டு டியூப்லைட் சோக்கும் ஃபேன் ரெகுலேட்டரும் அதற்குத் தாராளமாகப் படியளக்கின்றன. 1955-ல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக அமைத்து, காந்த முனைகளையும் திருப்பிவைத்து, இரு இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மடியும்படி செய்தார். ஹம்பக்கர் என்பது அதுவே, கிப்சனின் லெஸ் பாலில் பொதுவாக இருப்பதும் அதுவே. இரைச்சல் போனது, உச்சஸ்தாயியின் பளபளப்பும் சற்றுப் போனது. ஆகவே இரைச்சல் வேண்டாதபோது ஒன்று, பளபளப்பு வேண்டும்போது ஒன்று, ஆக இரண்டு. ஃபேனை நிறுத்திவிட்டு வாசிக்கலாமே என்பார் சென்னையின் மே மாதத்தை அறியாதவர்.

அடுத்து நீளம். ஃபெண்டரில் அதிரும் கம்பியின் நீளம் பெரும்பாலும் இருபத்தைந்தரை அங்குலம், கிப்சனில் இருபத்து நான்கே முக்கால். குட்டையான கம்பி அதே சுருதிக்குக் குறைந்த இழுவையில் நிற்கும், விரலுக்கு வளைந்து கொடுக்கும். இந்த முக்கால் அங்குலத்துக்காக மனிதர்கள் மாதத் தவணை கட்டுகிறார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் முக்கால் அங்குலம் இருக்கவே இருக்கிறது, மறுக்க முடியாது. அப்புறம் நைலான் கம்பி கிட்டார், ஏனெனில் இரும்புக் கம்பியில் அந்தக் குழைவு வராது. பன்னிரண்டு கம்பி கிட்டார், ஏனெனில் ஆறில் அந்த மினுமினுப்பு வராது. கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்தை மட்டும் திறந்த ‘ஜி’ முறையில் சுருதி கூட்டி வாசிப்பார் என்பது உலகறிந்தது. எனவே அதற்கென்றே ஒன்று தனியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பியைக் கழற்றி மாட்ட முடியுமா? முடியும். ஆனால் கேள்வி கேட்பவர் அதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

இவ்விடத்தில் மிருதங்க வித்வான்களைச் சாட்சிக்கு இழுப்பது நோயாளிகளின் வழக்கம். அவர்களும்தான் பல வைத்திருக்கிறார்கள் என்பது வாதம். இது பொருந்தாது. பெண்குரலின் சுருதிக்கு ஒன்று, ஆண்குரலின் சுருதிக்கு வேறொன்று என மிருதங்கம் உருவத்திலேயே மாறுகிறது. கடத்தின் கதை இன்னும் கறார். சூளையில் வெந்த சுருதி வெந்ததுதான், வேறு சுருதிக்கு வேறு பானை. இவர்கள் பலவற்றை வைத்திருப்பது தேவை. கிட்டார்க்காரருக்குச் சுருதி மாற்றச் சில நூறு ரூபாயில் ‘கேப்போ’ என்ற கவ்வி கிடைக்கிறது, சட்டைப் பையில் அடங்கும். கேப்போவும் அவரிடம் நான்கைந்து இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒன்றே போதும் என்று வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. குயின் குழுவின் பிரயன் மே 1963-ல் தந்தையோடு சேர்ந்து ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் சட்டத்து மரம். கம்பிகளை நடுக்கும் அமைப்புக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். விரல்பலகைப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பொத்தான். வாழ்நாள் முழுக்க அதையே முதன்மையாக வாசித்து வருகிறார். பாடகர் வில்லி நெல்சன் 1969-ல் வாங்கிய மார்ட்டின் கிட்டாருக்கு ‘ட்ரிகர்’ என்று பெயர். நைலான் கம்பி கிட்டாரை விரலால் மீட்டுவார்கள் என்பதால் அதில் காப்புத்தகடு வைப்பதில்லை. அவரோ பிக்கால் வாசித்து வாசித்து மரத்திலேயே ஓட்டை போட்டுவிட்டார், ஆனாலும் மாற்றவில்லை. இவ்விருவரின் வரலாற்றை நோயாளியிடம் படிக்கக் கொடுத்தால் திருந்துவார் என எதிர்பார்ப்பது இயல்பு. நடப்பது வேறு. பிரயன் மேயின் கிட்டாரின் பிரதி கடையில் விற்கிறது. ஒன்றே போதும் என்ற ஞானம் பெற்றவர் அந்த ஒன்றையும் வாங்கிவிடுகிறார்.

வீட்டு அரசியலில் வெளிப்படும் அறிகுறிகளைப் பார்ப்போம். புதியது வந்து சேரும் நேரம் பொதுவாக மனைவி வீட்டில் இல்லாத நேரம். பெட்டியை உடனே பிரித்து, அட்டையை அன்றே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டும். அதன்பின் நிகழும் உரையாடல்:

“ஏங்க, இது புதுசா?”

“இதா? 1962 மாடல்மா.”

இதில் பொய் எங்கே? 1962-ன் வடிவத்தில் இப்போது வார்த்த மறுபதிப்பு அது, மாடல் 1962 தான். இன்னொரு உத்தியும் உண்டு. 1949-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒரு நடனக்கூடம் தீப்பிடித்தபோது பி.பி. கிங் தம் கிட்டாரை மீட்க எரியும் கட்டடத்துக்குள் ஓடினார். தீக்குக் காரணமான சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றியது என்று பின்னர் தெரிந்து, இனி இப்படி முட்டாள்தனம் செய்யக்கூடாது என நினைவில் வைக்க, கிட்டாருக்கு லூசில் என்றே பெயரிட்டார். பிறகு வந்த கிட்டார்களுக்கும் வரிசையாக அதே பெயர். இதன் கணக்கியல் பயனை ஆய்வுலகம் கவனிக்கவில்லை. ‘வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?’ ‘லூசில் மட்டும்தான்.’ எல்லாம் ஒரே நிறத்தில், அதிலும் சன்பர்ஸ்டில், இருந்துவிட்டால் கண்ணால் பார்ப்பவரும் மறுக்க முடியாது.

‘இப்போது விட்டால் கிடைக்காது’ என்பதும் ஒரு காரணம். இதற்கும் நம் மலைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உயர்தர மரக் கிட்டாரின் முதுகும் பக்கமும் ஒருகாலத்தில் பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனவை. அது அருகிப்போகவே பென்சில்வேனியா மாநிலம் நாசரேத்திலுள்ள மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 ஜனவரியில் இம்மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இனி கிடைக்காது என்று வாங்கினார்கள். 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. தடை நீங்கிவிட்டது என்று வாங்கினார்கள். தமிழ்நாட்டு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆண்டும் 1994 தான். பெக்கரின் கட்டுரைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நிறுவ இயலவில்லை.

விற்றுவிட்டால் தீராதா எனின், நோய் இடம் மாறுமே ஒழிய அழியாது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் 2019 ஜூனில் 120-க்கும் மேற்பட்ட கிட்டார்களை நியூயார்க்கில் ஏலம் விட்டார். ஏறத்தாழ 2.15 கோடி டாலர் வந்தது, அத்தனையையும் சூழல் காக்கும் அறப்பணிக்குக் கொடுத்தார். புகழ்பெற்ற கறுப்பு ஸ்ட்ராட் மட்டும் 39.75 லட்சம் டாலர். அதை எடுத்தவர் ஜிம் இர்சே என்ற சேகரிப்பாளர். கிட்டார் இல்லாத ஏழை அல்லர், ஜெர்ரி கார்சியாவின் ‘டைகர்’ கிட்டார் ஏற்கெனவே அவரிடம்தான் இருந்தது.

இத்தனைக்கும் வாசிப்பு எவ்வளவு கூடியது என்று கேட்பது நாகரிகமன்று. கள ஆய்வில் கண்டதைப் பதிவு செய்வது மட்டும் கடமை. எந்தக் கிட்டாரைக் கையில் கொடுத்தாலும் நம் ஊர் நோயாளி முதலில் வாசிப்பது ‘இளைய நிலா’வின் தொடக்கம். அதுவும் முதல் கிட்டாரில் எந்த இடத்தில் தடுக்கியதோ ஆறாவதிலும் அதே இடத்தில் தடுக்கும். இதற்கு நோயாளிகள் தரும் மறுமொழி வலிமையானது. டெலிகாஸ்டரையும் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் உலகுக்குத் தந்த லியோ ஃபெண்டருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ ரிப்பேர் செய்தவர்.

இனி எண்ணிக்கைச் சிக்கல். முதன்முதலில் கற்றுக்கொள்ள வாங்கிய கிவ்சன் (கிப்சன் அன்று, கல்கத்தாவில் செய்த கிவ்சன்) கழுத்து வளைந்து பரணில் கிடக்கிறது. வாசிக்க இயலாதது கிட்டார் ஆகாது என்பது நோயாளி மரபு. பேஸ் வேறு கருவி. உகுலேலே மகளுடையது. நண்பர் வாங்கிப்போய்த் திருப்பித் தராதது சொத்தில் வராது. சுவரில் தொங்குவது அலங்காரம். இல்லத்தரசி மரபிலோ கம்பியும் கழுத்தும் உள்ள அனைத்தும் கணக்கில் சேரும், பரணில் கிடப்பது இரண்டாகச் சேரும். முதல் மரபுப்படி எண்ணினால் தொகை எப்போதும் ஆறிலேயே நிற்கிறது. ஒன்று வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று அலங்காரமாகவோ மகளுடையதாகவோ மாறிவிடுகிறது. எனவே புதிதாக எது வந்தாலும் அது ஏழாவதாகவே வருகிறது. எட்டாவது கிட்டார் என்ற ஒன்றை ஆய்வாளர் எவரும் இதுவரை நேரில் கண்டதாகப் பதிவு இல்லை.