மூடியைக் கழற்றிக் கேளுங்கள்!

கே: பஸ் ஸ்டாண்ட் பக்கம் 1,500 ரூபாய்க்கு ஒரு ரோலெக்ஸ் வாங்கினேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒரிஜினலா? (வத்தலக்குண்டு வாசகர்)

ப: சந்தேகம் அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் 1,500 ரூபாய் மிச்சம்.

கே: விலையை விடுங்கள். கண்ணால் பார்த்தே போலியைக் கண்டுபிடிக்க வழி இல்லையா? (நிலக்கோட்டை வாசகர்)

ப: இருக்கிறது. நொடி முள்ளைப் பாருங்கள். பேட்டரி வாட்சில் அது நொடிக்கு ஒருமுறை துள்ளி நிற்கும். இன்றைய பெரும்பாலான ரோலெக்ஸ்களின் இயந்திரம் நொடிக்கு 8 தடவை துடிப்பதால் முள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். ஆனால் இந்தச் சோதனையில் மாட்டுவது மட்டமான போலி மட்டுமே. கெட்டிக்காரப் போலிக்குள்ளும் அதே வேகத்தில் ஓடும் ஆட்டோமேட்டிக் இயந்திரம் இருக்கும்.

அடுத்தது கண்ணாடி. உயர்ந்த வாட்சில் இருப்பது செயற்கை நீலக்கல். கடினத்தன்மையில் 10க்கு 9. நம் ஊர்ப் புழுதியில் பறக்கும் மணல் 7. சாதாரணக் கண்ணாடி 6ஐத் தாண்டாது. அதனால் வேடசந்தூர் ரோட்டில் ஒரு கோடைக்காலம் பைக் ஓட்டினால் போதும், கண்ணாடி தானாகவே உண்மையைக் கக்கிவிடும்.

அதற்கும் தப்பித்தால் வாட்ச் ரிப்பேர்காரரிடம் போங்கள். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு டயல் எழுத்தின் ஓரத்தைப் பார்ப்பார், பின்மூடியைக் கழற்றி ஸ்க்ரூவின் தலையைப் பார்ப்பார். செலவை மிச்சம் பிடிப்பவன் முதலில் கைவைப்பது வெளியே தெரியாத இடத்தில்தான்.

கே: 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்கிறார்களே, என்ன வித்தியாசம்? (நத்தம் வாசகர்)

ப: ஆயிரம் ரூபாய். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி போலிக் குறி போட்ட பொருளை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். கையில் கட்டியவருக்குச் சிறை இல்லை. கல்யாண வீட்டில் விவரம் தெரிந்த மைத்துனர் உட்கார்ந்திருந்தால்தான் ஆபத்து.

கே: ஆன்லைனில் 'புத்தம் புதிய' எச்.எம்.டி. ஜனதா, ரோஜா நிற டயலோடு கிடைக்கிறது. வாங்கலாமா? (ஒட்டன்சத்திரம் வாசகர்)

ப: சிட்டிசன் கூட்டோடு 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்துவிட்டது. ரோஜா நிறத்தில் 'புத்தம் புதியது' என்றால் சந்தேகப்படுங்கள். உள்ளே ஓடுவது பெரும்பாலும் நிஜமான பழைய 17 கல் இயந்திரம். மேலே யாரோ பூசிய புது பெயிண்ட். தாத்தாவுக்கு ஜீன்ஸ் மாட்டியதுபோல. நேரம் சரியாகக் காட்டினால் கட்டிக்கொள்ளுங்கள். அபூர்வப் பொருள் என்று சொல்லும் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

கே: வாட்ச் கிடக்கட்டும். நம் ஊர்ப் பூட்டிலேயே போலி வருகிறதே! நல்ல திண்டுக்கல் பூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? (நாகல்நகர் வாசகர்)

ப: இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். கடையில் தொங்கும் ஒவ்வொரு பூட்டையும் பிரித்துப் பார்க்காது. அலிகாரிலிருந்து வரும் மெஷின் பூட்டு விலை குறைவு, அதையே திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. (அது மட்டம் என்று சொல்லவில்லை. அலிகார் பூட்டு என்ற பெயரிலேயே விற்கட்டும் என்கிறேன்.)

முதலில் சாவியை வாங்கிப் பாருங்கள். கையால் வெட்டிய சாவியில் அரம் ஓடிய கோடு தெரியும். பிறகு அதே அளவுள்ள வேறொரு பூட்டின் சாவியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். திறந்தால், கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிவிடுங்கள்.

பூட்டுக்குள் எத்தனை லீவர் தகடு என்று கேளுங்கள். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று மயிரிழை குறைந்தாலும் கூடினாலும் பூட்டு அசையாது. லீவர் கூடக் கூடத் திருடனுக்குத் தலைவலி கூடும். அந்த இழைப்பு முழுக்க மூடிக்குள்ளே இருப்பதால் உங்கள் கண்ணுக்குப் படாது, காதுக்குப் படும். காதோரம் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். லொடலொட என்றால் வேண்டாம். பூட்டிய பிறகு வளையத்தைப் பிடித்து ஆட்டுங்கள்; பல் ஆடுவதுபோல் ஆடக் கூடாது. முழுப் பித்தளை என்று சொன்னால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் அது பித்தளைப் பூச்சு போட்ட இரும்புத் தகடு.

இதையெல்லாம்விட நல்லது, மாங்காய்ப் பூட்டோ கதவுப் பூட்டோ, செய்கிற பட்டறைக்கே போய் வாங்குவது. மூடி அடிப்பதற்கு முன் உள்ளே காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். போலி வாட்ச் விற்பவரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன்! அரம் பிடிக்கும் கைகள் குறைந்துவருகின்றன. பட்டறைக்காரர் பிள்ளைகளே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் ஒரு வேண்டுகோள்: அங்கே பேரம் பேசாதீர்கள்.

கே: கையால் முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலை என்று கொடுத்தார்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் அச்சு அசலாக இருக்கின்றனவே? (சின்னாளபட்டி வாசகி)

ப: அச்சேதான், அம்மா. நூலால் கட்டிச் சாயம் தோய்த்த புள்ளி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும். சுங்குடிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கலாமா?

கே: சென்னையில் தெருவுக்குத் தெரு 'திண்டுக்கல் பிரியாணி' போர்டு. எது அசல்? (தாம்பரத்தில் வசிக்கும் திண்டுக்கல்காரர்)

ப: பாசுமதி அரிசி கண்ணில் பட்டால் எழுந்துவிடுங்கள். நம்முடையது சீரகச் சம்பா.

கே: மாப்பிள்ளை பிராண்டட் வாட்ச் கேட்கிறார். 4,000 ரூபாயில் நல்ல காப்பி ஒன்று வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாமா? (வடமதுரை மாமனார்)

ப: வேண்டாம், மாமா. அதே காசுக்குப் பில்லோடு ஒரு டைட்டன் வாங்கிவிடலாம். 1984இல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், ஓசூரில் தொழிற்சாலை. பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் உண்டு. காப்பி வாட்சில் வாரண்டி அட்டையும் காப்பிதான்.