பொறுமைக்கு ஒரு பாராட்டுரை

ரம்புக்கனைக்காரருக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பின்னவல யானைகள் குளிக்கும் எங்கள் மகா ஓயா, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடைப் பக்கம்தான் கடலில் கலக்கிறது. ஆகவே அரசைப் பாராட்ட எங்களுக்கும் உரிமை உண்டு.

முதலில் அதன் விருந்தோம்பல். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கசிந்த கொள்கலனை இறக்கிக்கொள்ள கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராவும் கைவிரித்துவிட்டன. அப்படிப்பட்ட கப்பலுக்கும் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட இடம் கிடைத்தது. 2021 மே 20ஆம் திகதி அது தீப்பிடித்தது.

அடுத்தது நிதானம். ஏறக்குறைய இரண்டு வாரம் எரிந்து முடிந்தபின், ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துப் போனார்கள். போகும் வழியிலேயே பின்பகுதி கடலடியில் குந்திவிட்டது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை கடலுக்குப் போய், கரையெல்லாம் வெள்ளையாக ஒதுங்கியது. ஆமைகளும் டொல்பின்களும் கரைக்கே வந்து அரசுக்கு மரியாதை செலுத்தின, எழுந்துதான் போகவில்லை. மீனவருக்கு ஓய்வும் கிடைத்தது, சம்பளமில்லாமல்.

அடக்கத்தையும் சொல்ல வேண்டும். முந்திய செப்டெம்பரில்தான் நியூ டயமன்ட் எண்ணெய்க் கப்பல் கிழக்குக் கடலில் எரிந்திருந்தது. படித்த பாடத்தையே மறுபடி அரிச்சுவடியிலிருந்து படிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

கப்பல்காரர்மீது அரசு சிங்கப்பூரில் வழக்குப் போட்டது 2023 ஏப்ரலில். வழக்குப் போடுவதற்கான இரண்டாண்டுக் காலக்கெடு முடிய ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அவசரப்படாதவர்கள் ஐயா! 2025 ஜூலையில் எங்கள் உயர் நீதிமன்றம் கப்பல்காரர் 100 கோடி டொலர் கொடுக்க வேண்டும் என்றது. பொறுமையின் அருமை தெரியாமல், அதிகாரத்தில் இருந்தவர்களின் அசமந்தத்தையும் கண்டித்தது. கப்பல் கம்பனியோ தரமுடியாது என்றுவிட்டது.

அரசுக்கு வேகமே வராது என்று யாராவது சொன்னால் எங்கள் ஊருக்கு அனுப்பிவையுங்கள். 2022 ஏப்ரல் 19ஆம் திகதி, எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் இங்கே ரயில் பாதையை மறித்தார்கள். எரியும் கப்பலை நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அரசு, எரியாத ஒரு பவுசரைக் கொளுத்தப் பார்த்தார்கள் என்று சொல்லி அன்றைக்கே சுட்டது. ஒருவர் இறந்தார். பலர் காயமடைந்தார்கள்.