ஒட்டுப் போர்வையின் தோற்றம்: குளிரா, மூட்டையா?

குளிருக்கு அஞ்சிய மனிதன் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்தான் என்பது வழிவழியாக நம்பப்படும் கொள்கை. மூட்டை முந்தியது, போர்வை பிந்தியது, குளிர் என்பது மூட்டையை அவிழ்க்கக் கிடைத்த சாக்கு என்பதே துணி பற்றிய நம் துணிபு. முதற்சான்று பரண்மேல் இருக்கிறது. பழைய வேட்டியில் முடிந்த அந்த மூட்டைக்குள் ஜாக்கெட் தைத்தது போக டெய்லர் சுருட்டித் தந்த பிட்டு, அக்குள் வெட்டில் விழுந்த பிறைத் துண்டு, உடல் இற்றுப்போன பட்டுச் சேலையின் இன்னும் மங்காத கரை எல்லாம் குடியிருக்கின்றன. எதுவும் ஒரு கைக்குட்டைக்குக்கூடக் காணாது. ஆனாலும் 'எதுக்காவது ஆகும்' என்ற தீர்ப்பு அவற்றைக் காக்கிறது. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் சென்னை வீட்டிலும் இம்மூட்டை உண்டு என்பதைக் குளிர்க் கட்சியினர் விளக்க வேண்டும்.

சொல்லாராய்ச்சியும் நம் பக்கமே. வடமொழிக் 'கந்தா'வுக்குக் கிழிசல், ஒட்டுப்போட்ட ஆடை என்று பொருள். தமிழில் அது கந்தையாகி, கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியோடு நின்றுவிட்டது. வங்காளத்தில் காந்தாவாகிப் போர்வையானது. அங்கே பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலால் இணைத்தார்கள். நூலைக்கூட எறிய மனம் வராதவர்கள் துணியை எறிவார்களா? கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்த்' போர்வை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறது. மூலைகளில் துணியை மடித்து ஒரு பூ வைத்தால்தான் அது முழுமை பெறும். மூலைப் பூ எவர் காலையும் சூடாக்கியதில்லை.

இனி மறுப்புகள். போர்வை கதகதப்பாகத்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, அந்தப் பெருமை அடுக்குகளுக்கிடையே அசையாமல் அடைபட்ட காற்றுக்குரியது. மேலே இருப்பது முழுத் துணியா ஒட்டா என்று காற்று விசாரிப்பதில்லை. துண்டுகளைக் கரித்துணி ஆக்கலாமே என்பார்கள். பனியன் ஆகும்; கல்யாணப் புடவைக் கரையால் தோசைக்கல்லைத் துடைக்கும் கை இன்னும் பிறக்கவில்லை. வலுவான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் சிற்றூரில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் குளிர் புகும் வீடுகளுக்காகத் தைத்த போர்வைகள்தான் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. அந்தக் குளிர் மெய்யானது, ஒத்துக்கொள்கிறோம். ஆயினும் அதே ஊரில் 1942இல் மிசூரி பெட்வே தைத்த போர்வை, இறந்த கணவர் வயலில் உடுத்திய உடைகளால் ஆனது. அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ளத் தைத்தது. குளிருக்கு எந்தத் துணியும் ஆகும். மிசூரிக்கு அந்தத் துணிதான் வேண்டியிருந்தது.

இக்காலத்தில் புதுத்துணி வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, மறுபடி ஒட்டித் தைக்கிறார்களே, அங்கே மூட்டை ஏது என்பது கடைசிக் கேள்வி. சதுரம் வெட்டினால் ஓரம் மிஞ்சும். போர்வை விரித்த கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், மிஞ்சிய ஓரங்கள் ஒரு பையில் பத்திரமாக முடிந்து வைக்கப்பட்டிருக்கும்.