கீரிமலையிலை முங்கினவர் கப்பல் வாங்கப் போறார்

தம்பி, கனடாவிலையிருந்து வந்து இறங்கி, வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சு, கேற்றுக்குக் கமெரா பூட்டி, கிணத்துக்குப் புது மோட்டரும் போட்டு முடிச்ச கையோடை, இப்ப பாய்வள்ளம் ஒண்டு வாங்கி ஓடப் போறீராம் எண்டு பண்டத்தரிப்புச் சந்தியிலை கதை அடிபடுது. நல்ல விஷயம். ஓய்வெடுக்க வந்த மனிசனுக்கு ஏதாவது செலவு வேணும்தானே. உம்மோடை வந்தவை காணி வாங்கினம், கோயிலுக்குக் கோபுரம் கட்டினம். நீர் காசைக் கடலிலை போடப் பாக்கிறீர். கோபுரத்திலை போட்டால் கல்லிலை பேரெண்டாலும் வெட்டுவினம்.

ஒன்ராறியோ வாவியிலை ஓடிப் பழகிச் சேட்டிபிக்கற்றும் எடுத்தனீரெண்டு கேள்வி. அதைப் பிறேம் போட்டுச் சுவரிலை கொழுவும். மாதகல் கடலுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது.

உம்மிலை பிழையில்லை. எங்கடை ஊரே அப்பிடித்தான். இஞ்சையிருந்து மாதகலுக்குச் சைக்கிளிலை போனால் ஒரு சுருட்டுப் பத்தி முடியாது. அவ்வளவு கிட்டக் கடல் கிடக்கு. ஆனாலும் எங்கடை ஆக்களுக்குக் கடல் எண்டால் ஆடியமாவாசைக்குக் கீரிமலையிலை முங்கி எழும்பிறது. மிச்ச நாளெல்லாம் அது சைக்கிள் பெட்டியிலை வாற மீன். சங்கமித்தை வெள்ளரசங் கண்டோடை வந்து இறங்கின துறை மாதகல் சம்பில்துறைதான் எண்டு சொல்லுகினம். அந்த மனிசி கடல் தாண்டி வந்த இடத்துக்கு எங்கடை ஆக்கள் வெங்காயத்தோட்டம் தாண்டிப் போகேல்லை. நான் மட்டும் என்ன? எழுபது வரியத்துக்கு மேலை இஞ்சை இருக்கிறன். வள்ளத்தைக் கரையிலை கவிட்டு வைச்சால் அதிலை குந்தியிருந்து கதைக்கத் தெரியும். அந்த அனுபவத்திலைதான் உமக்குப் புத்தி சொல்லுறன்.

வெளியிலையிருந்து வந்து இந்த ஊரிலை குடியிருந்தவையிலை நீர் முதல் ஆளுமில்லை. 1819 ஆம் ஆண்டு பொஸ்ரனிலை பாய்க்கப்பலேறின ஜோன் ஸ்கடர் எண்ட அமெரிக்க மிஷன் டொக்குத்தர், கல்கத்தாவையும் பாத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஆறு மாதம் கழிச்சு இலங்கைக்கு வந்து, அடுத்த வரியம் பண்டத்தரிப்பிலை வீடெடுத்தவர். அவற்றை பேத்தி ஐடா ஸ்கடர்தான் பேந்து வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடக்கினது. அப்பிடிப்பட்ட மனிசன் பின்னேரம் பொழுது போகேல்லை எண்டு மாதகலிலை ஒரு தோணியிலை ஏறினதா நான் கேள்விப்படேல்லை. ஆறு மாதம் பாயுக்குக் கீழை படுத்தவனுக்குக் கிணத்தடி வாழை நிழலின்ரை அருமை தெரியும்.

சரி, நீர் கேக்கமாட்டீர். அப்ப காத்தைப் பற்றிக் கொஞ்சம் கேளும்.

நீர் வந்தது ஆனியிலை. சோளகம் அடிக்கிற காலம். இப்ப மாதகல் கரையிலை நிண்டு பாத்தால் கடல் கோயில் கேணி மாதிரிக் கிடக்கும். நீர் ஏமாறப் போறது அதிலைதான். காத்து தென்மேற்கிலையிருந்து தரைக்கு மேலாலை வந்து கடலுக்கை இறங்குது. அதாலை கரையோரத்திலை அலை இல்லை. பாயை விரிச்ச உடனை வள்ளம் தன்ரை பாட்டிலை ஓடும். நீர் ரெலிபோனை எடுத்துப் படம் பிடிச்சு ஸ்காபரோவிலை இருக்கிற மச்சானுக்கு அனுப்புவீர். கொஞ்சத் தூரம் போனாப் பிறகு தரையின்ரை மறைப்பு விட்டுப்போம். காத்து உரக்கும், அலை எழும்பும். திரும்பிப் பாத்தால் தென்னைமரம் விரல் நுனியளவிலை தெரியும். வாற வழி முழுக்கக் காத்துக்கு எதிர். பாய்வள்ளம் காத்துக்கு நேரை வராது, இஞ்சாலை ஒருக்கா அங்காலை ஒருக்கா வெட்டி வெட்டித்தான் வரவேணும். அதையெல்லாம் உமக்கு வாவியிலை படிப்பிச்சிருப்பினம். இருட்டுப்பட்டாப் பிறகு மாதகல் கல்லுக்குள்ளை வள்ளம் விடுற வாய்க்கால் எங்கை எண்டு படிப்பிச்சிருக்கமாட்டினம்.

ஐப்பசி பிறந்தால் எல்லாம் மற்றப் பக்கம் திரும்பும். வாடை வடகிழக்கிலையிருந்து கரையைப் பாத்து அடிக்கும். அப்ப இறங்கினீரெண்டால் தொலைஞ்சு போகமாட்டீர், அது நிச்சயம். காத்தே உம்மைக் கொண்டுவந்து சுண்ணாம்புக் கல்லிலை போடும். நீர் நடந்து வீட்டை வருவீர். வள்ளம் துண்டு துண்டாப் பின்னாலை வரும். கார்த்திகை மார்கழியிலை அந்தப் பக்கமே தலை வைச்சுப் படாதையும். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை ரெயிலோடை சேத்து வழிச்சுக்கொண்டு போனது.

வடக்கை விட்டால் கோடியக்கரை. இடையிலை 1974 இலை கொழும்பும் டில்லியும் கீறின கோடு ஒண்டு கிடக்கு. தண்ணியிலை அது தெரியாது, நேவிக்குத் தெரியும், ரெண்டு பக்கத்து நேவிக்கும். பாய் கிழிஞ்சது, காத்து கொண்டுவந்து விட்டிட்டுது எண்டு சொன்னால் எவ்வளவு நம்புவினம் எண்டு, கோட்டுக்கு அங்காலை பிடிபட்டு வந்த மீன்பிடிகாரர் ஆரையும் கேளும். உம்மட்டைக் கனடாப் பாஸ்போட் இருக்குத்தான். அதை நீட்டினால் கேள்வி கூடும். வள்ளமே இல்லாமல் அந்தத் தண்ணியைக் கடந்தவையும் இருக்கினம். 1954 இலை நவரத்தினசாமி நீந்திப் போனவர். 1971 இலை வல்வெட்டித்துறை ஆனந்தன் நீந்திப் போய், நீந்தியே திரும்பியும் வந்தவர். அவைக்குப் பாய்ச் செலவு மிச்சம்.

உமக்கு முன்மாதிரி வேணுமெண்டால் ஒரு வெள்ளைக்காரனைச் சொல்லுறன். வெளிநாட்டுக்காரன் சொன்னால்தானே எங்கடை பெடியளுக்கு ஏறும். வில்லியம் அல்பேட் றொபின்சன் எண்டு ஒரு அமெரிக்கன். 1928 இலை வெளிக்கிட்டு 1931 வரைக்கும் ‘ஸ்வாப்’ எண்ட 32 அடிப் படகிலை உலகத்தைச் சுத்தினவன். 1934 இலை கலாபகோஸ் தீவிலை நிக்கேக்கை குடல்வால் வெடிச்சு, அமெரிக்க நேவி போய்த்தான் உயிரை மீட்டது. உமக்கு வெடிச்சால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி, அதுவும் கரைக்கு வந்து சேந்தால். அப்பிடிக் கடலைக் கரைச்சுக் குடிச்ச றொபின்சன் கப்பல் தேடி எங்கை வந்தவன்? வல்வெட்டித்துறையிலை கட்டின ‘அன்னபூரணி’யை வாங்கினான். மனிசியின்ரை பேரை வைச்சு ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எண்டு மாத்தினான். அதிலை நீர் அவனைப் பின்பற்றலாம், வீட்டிலை சமாதானம் வரும்.

அந்தக் கப்பல் 1938 ஆகஸ்ட் மாதம் மசச்சூசெற்ஸிலை குளோஸ்ரர் துறைமுகத்திலை போய்க் கட்டினது. அதை ஓட்டிப் போனவையிலை வல்வெட்டித்துறை ஆக்களும் இருந்தவை. தண்டையலா இருந்தது கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. உலகத்தையே சுத்தி வந்தவன், எனக்கு எல்லாம் தெரியும், உங்களை ஆர் கேட்டது எண்டு றொபின்சன் சொல்லேல்லை, பாத்தீரோ? கப்பலை வாங்கேக்கை அதின்ரை குணம் தெரிஞ்ச மனிசரையும் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்ட புத்தி அவனுக்கு இருந்தது. நீர் என்ன செய்யிறீர்? வள்ளத்துக்கு இன்ரநெற்றிலை விலை கேக்கிறீர். மாதகலிலை ஒரு சம்மாட்டியின்ரை பேர் சொல்லும் பாப்பம். தெரியாது. மீன் வாங்குற பெடியன்ரை பேரே உமக்குத் தெரியாது, ‘தம்பி’ எண்டு கூப்பிட்டுச் சமாளிக்கிறீர்.

வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பர்மாவிலையிருந்து அரிசி ஏத்தினவை, கொச்சியிலையிருந்து ஓடு ஏத்தினவை. எங்கடை வலிகாமத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனதும் பாய்க்கப்பலிலைதான். உம்மடை கொப்பாட்டர் தோட்டத்திலை புகையிலை உணத்தினவர், கடலாலை வந்த காசிலை நாற்சார் வீடு கட்டினவர். கடலிலை போனவையோடை சம்பந்தம் எண்ட கதை வந்தால் மட்டும் அவருக்கு உப்புக்காத்து ஒத்துக்கொள்ளாது. இப்ப கொப்பாட்டற்றை பேரன் லைப் ஜக்கெற் போட்டுக்கொண்டு கரைக்குப் போறார். எனக்கு உள்ளுக்குள்ளை சந்தோஷம்தான்.

மாதகலிலையும் இப்ப பாய் இல்லை, எல்லாம் பைபர் வள்ளமும் வெளியிணைப்பு மோட்டரும். 2022 ஆகஸ்டிலை மோட்டருக்கு ஊத்துற மண்ணெண்ணை லீற்றர் 87 ரூபாயிலையிருந்து ஒரே பாய்ச்சலிலை 340 ஆனபோது, பாய் கட்டத் தெரிஞ்ச ஒரு கிழவன் உயிரோடை இருந்தால் எண்டு புலம்பினவை உண்டு. நீர் அப்ப வந்திருந்தால் மாலை போட்டிருப்பினம்.

வாங்குறதெண்டால் அடியிலை ஆறடிக்கு ஏராக்கட்டை தொங்குற சாமானை வாங்கிப்போடாதையும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலை கன இடத்திலை ஆள் நிண்டால் நெஞ்சளவு தண்ணி. அதிலை நீர் தாழவும் ஏலாது, நகரவும் ஏலாது. நண்டு பிடிக்கிறவை சுத்தி நடந்து போவினம், நீர் மேலை நிண்டு கையாட்டலாம். வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் காலியிலையும் திருகோணமலையிலையும் வந்து ஒதுங்கிறது சும்மாவில்லை, அங்கை ஆழம் இருக்கு. தட்டையான அடி, சின்னப் பாய், ரெண்டு பேர் தூக்கிக் கரையிலை ஏத்தக்கூடிய பாரம். உமக்கு அது காணும். ஆனால் இந்த வரியம் அதையும் வாங்க வேண்டாம். ஒரு சோளகம், ஒரு வாடை, ரெண்டையும் மற்றவன்ரை வள்ளத்திலை இருந்து பாரும்.

மாதகலிலை எனக்குத் தெரிஞ்ச சம்மாட்டி ஒருத்தர் இருக்கிறார். உமக்காக நேற்றே கதைச்சுப்போட்டன். கனடாவிலை பெரிய உத்தியோகம் பார்த்தவர், கடல் படிக்க ஆசைப்படுறார், கூலி வேண்டாமாம் எண்டு சொன்னன். கூலி வேண்டாம் எண்டதைக் கேட்டதும் மனிசன் உடனை சம்மதிச்சிட்டார். விடியப்புறம் மூண்டரைக்குக் கரையிலை நிக்கட்டாம். முதல் மாதம் பாயுமில்லை, சுக்கானுமில்லை, வள்ளத்துக்கை ஏறுற தண்ணியை இறைச்சு ஊத்துறதுதான் வேலையாம். வாளி அவையட்டை இருக்கு. கையுறை வேணுமெண்டால் உம்மட்டை இருக்கிறதைக் கொண்டு போம், சிரிச்சால் கண்டுகொள்ளாதையும்.