சுவரில் ஒரு ஓட்டை

பையன் அறையில் ஆளுயர டிராயர் அலமாரி. டிராயர்களைப் படிக்கட்டாக்கி அவன் ஏறுவதைப் பார்த்த அம்மா, “சுவரோட சேர்த்து ஸ்க்ரூ போடுங்க” என்கிறாள். அப்பாவுக்கோ, ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாரே என்ற கவலை. “நாங்கல்லாம் கிணத்துச் சுவர்மேல ஏறி விளையாடினவங்க” என்று பெருமை வேறு. (உள்ளே விழுந்தவர்கள் பெருமை பேச வருவதில்லை.)

அலமாரி சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. “அது அமெரிக்காம்மா” என்கிறார் அப்பா. புவியீர்ப்பு அங்கே மட்டும்தான் போலிருக்கிறது.

ஹாலில் டி.வி. மாட்ட நாலு ஓட்டை போட்டபோது அட்வான்ஸ் ஞாபகம் வரவில்லை. டிரில் மிஷின் பரணில்தான் இருக்கிறது. இறக்குங்கள், சார்.